இயந்திரச் சங்கிலியின் தேய்மானமும் அதனை அளந்தறியும் முறையும்

நெல் அறுவடை இயந்திரம், கதிரடிக்கும் இயந்திரம், விதைப்புக் கருவி, பவர் டில்லர் முதலியன இந்நாளில் நமது விவசாயத்தில் நன்கு வேரூன்றிவிட்டன. இவற்றில் எஞ்சினின் சக்தியை ஓர் அச்சிலிருந்து மற்றோர் அச்சுக்குக் கொண்டு செல்லும் வேலையைப் பெல்ட்டுகளும் கியர்களும் சங்கிலிகளும் பகிர்ந்து கொள்கின்றன. எஞ்சினுக்கு வேளை தவறாது எண்ணெய் மாற்றும் சொந்தக்காரர்கள் பலர் உளர். பெல்ட்டில் பிளவு கண்டால் அதனையும் மாற்றிவிடுவர். சங்கிலியை மட்டும் அது அறுந்து விழும் நாள் வரையில் நினைப்பவர் அரியர். இரும்பினால் ஆனது, கண்ணுக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை, ஆகையால் அது நன்றாகவே இருக்கிறது என்னும் எண்ணமே இதற்குக் காரணம்.

இவ்வெண்ணம் அறுவடைக் காலத்தில் பெருநஷ்டத்தை விளைவிக்கக் கூடியது. குறுவை அறுவடை செப்டெம்பர், அக்டோபர் மாதங்களில் வடகிழக்குப் பருவமழையை எதிர்நோக்கியே நடைபெறுகிறது. முற்றிய கதிர் வயலில் நிற்க, மேகம் திரண்டிருக்கும் வேளையில் சங்கிலி அறுந்தால், அதே அளவுள்ள வேறு சங்கிலி பட்டணத்திலிருந்து வந்து சேரும் வரையில் இயந்திரம் வரப்போரத்தில் நின்றுவிடும். அதற்குள் மழை பெய்துவிட்டால் பயிர் சாய்ந்து, நெல் கதிரிலேயே முளைவிடவும் கூடும். சங்கிலியின் விலையோ அவ்விளைச்சலின் மதிப்பிற்கு முன் மிகச் சிறியது. ஆகவே, சங்கிலி இன்னும் எவ்வளவு காலம் உழைக்கும் என்பதை முன்னதாகவே அறிய வழியுண்டா என்று கேட்பது நியாயமே. வழி உண்டு. அதற்கு வேண்டியவை ஓர் எஃகு டேப்பும், சிறிது மண்ணெண்ணெயும், அரை மணி நேரமுமேயாம்.

சங்கிலியின் அமைப்பு

விவசாய இயந்திரங்களில் சங்கிலி புகுந்த வரலாறு பழமையானது. அமெரிக்க நாட்டில் அயோவா மாநிலத்தில் பண்ணைக் கருவிகள் விற்று வந்த வில்லியம் டேனா எவர்ட் என்பவர், கழற்றி மாட்டக்கூடிய வார்ப்பிரும்புக் கண்ணிகளாலான சங்கிலிக்கு 1874-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அறுவடைக் கருவியில் ஒரு கண்ணி உடைந்தால் வயலிலேயே அதனை நீக்கி வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம் என்பது அதன் சிறப்பு. இன்று நாம் பெரும்பாலும் காணும் ரோலர் சங்கிலி வேறு வகையினது. இதனை இங்கிலாந்தில் மாஞ்செஸ்டர் நகரத்தை அடுத்துத் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்டு என்பவர் 1880-ஆம் ஆண்டில் வகுத்தார். அன்று முதல் இதன் அடிப்படை அமைப்பு மாறவில்லை.

ரோலர் சங்கிலியில் இருவகைக் கண்ணிகள் ஒன்றுவிட்டு ஒன்றாக வரும். உட்கண்ணி என்பது இரண்டு தகடுகளும், அவற்றில் இறுகச் செருகிய புஷ் என்னும் இரண்டு குழல்களும் கொண்டது. அக்குழல்களின் மேல் ரோலர் என்னும் உருளைகள் தளர்வாகச் சுழலும். வெளிக்கண்ணி என்பது இரண்டு தகடுகளும், அவற்றில் இறுகச் செருகிய பின் என்னும் இரண்டு முளைகளும் கொண்டது. வெளிக்கண்ணியின் பின், உட்கண்ணியின் புஷ்ஷுக்குள் நுழைந்து நிற்கும். இதுவே மூட்டு. சங்கிலி பற்சக்கரத்தின் மீது வளையும் போதும், அதனை விட்டு நீங்கி நிமிரும் போதும் பின்னானது புஷ்ஷுக்குள் சிறிது திரும்புகிறது. ரோலர் வெளியே நின்று பல்லின் மோதலைத் தாங்கிக் கொள்ளும். உராய்வின் பெரும்பகுதியோ உள்ளே, பின்னுக்கும் புஷ்ஷுக்கும் இடையில்தான் நிகழ்கிறது. அடுத்தடுத்த இரண்டு பின்களின் மையங்களுக்கு இடைப்பட்ட நீளத்திற்குப் பிட்ச் என்று பெயர்.

சங்கிலி நீள்வது எங்ஙனம்?

“சங்கிலி இழுபட்டு நீண்டுவிட்டது” என்று பட்டறைகளில் சொல்வதுண்டு. இது சரியன்று. தகடுகள் இழுபட்டு நீளும்படியான பளு சாதாரண வேலையில் வருவதில்லை. உண்மையில் நிகழ்வது யாதெனில், ஒவ்வொரு மூட்டிலும் பின்னின் ஒரு பக்கமும் புஷ்ஷின் உட்பக்கமும் தேய்ந்து, அவற்றிடையே இடைவெளி உண்டாகிறது. பளு ஏறும்போது ஒவ்வொரு மூட்டும் அந்த இடைவெளி அளவுக்கு விலகி நிற்கிறது. ஒரு மூட்டில் மயிரிழை அளவே உண்டான தேய்மானம், எல்லா மூட்டுகளிலும் சேரும்போது கண்ணுக்குத் தெரியும் நீளமாகிறது.

இதனை ஒரு கணக்கால் விளக்கலாம். பிட்ச் 15.875 மில்லிமீட்டர், அதாவது ஐந்தே எட்டு அங்குலமுள்ள சங்கிலி ஒன்றில் 80 கண்ணிகள் உள்ளன என்று கொள்வோம். புதிதாக இருக்கையில் அதன் முழு நீளம் 1,270 மில்லிமீட்டர். மூட்டு ஒன்றுக்கு 0.32 மில்லிமீட்டர் தேய்மானம் உண்டானால், மொத்தத்தில் சங்கிலி ஏறக்குறைய 25 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலம் நீண்டுவிடும். இது நூற்றுக்கு 2 பங்கு. தனியொரு மூட்டைக் கையில் எடுத்துப் பார்ப்பவர்க்கு இத்தேய்மானம் புலப்படாது. பல மூட்டுகளைச் சேர்த்து அளப்பவர்க்கு அது மறையாது. அளக்கும் முறையின் தத்துவம் இதுவே.

இங்குக் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. உட்கண்ணியில் புஷ்கள் இரண்டும் தகடுகளில் இறுகப் பொருந்தியிருப்பதால், அக்கண்ணியின் இரு ரோலர்களுக்கு இடைப்பட்ட தூரம் மாறுவதில்லை. தேய்மானம் முழுவதும் வெளிக்கண்ணியின் இருபுறத்து ரோலர்களுக்கு இடைப்பட்ட தூரத்திலேயே தோன்றும். ஆகவே சங்கிலி சக்கரத்தின் மீது ஓடும்போது, ஒரு பல் விட்டு ஒரு பல்லில் அதன் இடம் பிசகுகிறது. அளக்கும்போது கண்ணிகளை இரட்டைப்படை எண்ணிக்கையில் எடுக்க வேண்டும் என்பதும் இதனாலேயே.

தேய்மானம் தொடக்கம் முதல் முடிவு வரையில் ஒரே சீராக நடைபெறுவதில்லை. புதிய சங்கிலி முதல் சில மணி நேரத்தில் சற்று விரைவாக நீளும். மூட்டுகள் ஒன்றோடொன்று பதிந்து அமைவதே அதற்குக் காரணம். பின்னர் நெடுங்காலம் மெதுவாகத் தேயும். பின்னும் புஷ்ஷும் மேற்பரப்பில் மட்டும் கடினப்படுத்தப்பட்டவை. அக்கடினமான மேற்படலம் தேய்ந்து தீர்ந்தபின், உள்ளிருக்கும் மிருதுவான எஃகு வெளிப்பட்டு, தேய்மானம் திடீரென்று விரைவுபடும். அந்நிலை வந்த சங்கிலிக்கு ஆயுள் அதிகமில்லை.

உராய்வின் கணக்கு

தேய்மானத்திற்குத் தாய் உராய்வு. மூட்டு ஒன்று சங்கிலி ஒரு முறை சுற்றி வருவதற்குள் நான்கு தடவை வளைந்து நிமிர்கிறது. ஒவ்வொரு சக்கரத்திலும் ஏறும்போது ஒரு தடவையும், இறங்கும்போது ஒரு தடவையுமாக இரண்டு சக்கரங்களுக்கு நான்கு. முற்கூறிய 80 கண்ணிச் சங்கிலியை 19 பற்களுள்ள சக்கரம் நிமிடத்திற்கு 400 சுற்று வேகத்தில் ஓட்டினால், சங்கிலி நிமிடத்திற்கு 95 முறை சுற்றி வரும். மூட்டு ஒவ்வொன்றும் நிமிடத்திற்கு 380 தடவை அசையும். எட்டு மணி நேர வேலையில் இது 1,82,400 தடவை ஆகிறது. எண்ணெய் வற்றிய மூட்டுக்கு ஒரே நாளில் எவ்வளவு துன்பம் நேருகிறது என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

சக்தி நஷ்டத்தையும் இவ்வாறே மதிப்பிடலாம். 19 பற்களுள்ள சக்கரத்தில் மூட்டு ஏறும்போது ஏறக்குறைய 19 பாகை வளைகிறது. இச்சங்கிலியின் பின் 5.08 மில்லிமீட்டர் விட்டமுள்ளது. ஆகவே பின்னின் மேற்பரப்பு புஷ்ஷின் மீது 0.84 மில்லிமீட்டர் தூரம் வழுக்குகிறது. இரண்டு சக்கரங்களும் 19 பற்களுடையவை எனின், பளு ஏறிய பக்கத்தில் இவ்வசைவு இரண்டு தடவை நிகழும். சங்கிலி ஒரு பிட்ச், அதாவது 15.875 மில்லிமீட்டர், முன்னேறுவதற்குள் மூட்டில் 1.68 மில்லிமீட்டர் வழுக்கல் நேருகிறது. உராய்வு எண் 0.1 ஆக இருந்தால் நஷ்டம் நூற்றுக்கு 1 பங்கு. மூட்டு வறண்டு அவ்வெண் 0.3 ஆக உயர்ந்தால் நஷ்டம் நூற்றுக்கு 3 பங்குக்கு மேலாகிறது. நன்கு எண்ணெயிட்ட சங்கிலி தான் பெற்ற சக்தியில் ஏறக்குறைய 98 பங்கை மறுபுறம் சேர்ப்பிக்கும் என்று பொறியியல் நூல்கள் கூறுவது இக்கணக்கோடு பொருந்துகிறது.

நூற்றுக்கு மூன்று பங்குதானே என்று அலட்சியம் செய்யலாகாது. அச்சக்தி காற்றோடு போய்விடுவதில்லை. மூட்டுக்குள்ளேயே வெப்பமாகவும், எஃகைச் சுரண்டும் வேலையாகவும் மாறுகிறது. டீசலில் நேரும் நஷ்டத்தினும் சங்கிலியின் ஆயுளில் நேரும் நஷ்டமே பெரிது.

சக்கரத்தின் பற்கள் குறையக் குறைய மூட்டு வளையும் பாகை அதிகமாகும். 12 பல் சக்கரத்தில் மூட்டு 30 பாகை வளைகிறது. அதாவது 19 பல் சக்கரத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேலான வழுக்கல். பழுதுபார்க்கும் போது கிடைத்ததை மாட்டுவோம் என்று சிறிய சக்கரத்தைப் பொருத்துவது இக்காரணத்தால் தவறு.

ஆராய்ச்சிச் சாலைகளில் உராய்வை அளப்பதற்குச் சங்கிலியை இரண்டு அச்சுகளுக்கிடையே ஓடவிட்டு, ஓட்டும் அச்சில் செலுத்திய முறுக்குவிசையையும் வேகத்தையும், ஓடும் அச்சில் வெளிப்பட்ட முறுக்குவிசையையும் வேகத்தையும் கருவிகளால் அறிந்து, இரண்டு சக்திகளின் வித்தியாசத்தைக் கணக்கிடுவர். விவசாயிக்கு இத்தகைய கருவிகள் வேண்டியதில்லை. நீள அளவும், பின்னர்க் கூறப்படும் சில சோதனைகளுமே போதும்.

அளக்கும் முறை

முதலாவதாக எஞ்சினை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். சுழலக்கூடிய பாகங்கள் யாவும் ஓய்ந்தபின்பே காப்புத் தகடுகளைக் கழற்றலாம். ஓடும் சங்கிலியின் அருகே கையோ வேட்டியோ துண்டோ செல்லலாகாது.

இரண்டாவதாக, சங்கிலியின் பூட்டுக் கண்ணியை நீக்கி, அதனைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும். பெட்ரோல் தீப்பற்றும் அபாயமுள்ளதாகையால் கூடாது. அழுக்கும் கெட்டி எண்ணெயும் மூட்டின் இடைவெளியை அடைத்துக்கொண்டு தேய்மானத்தை மறைப்பதால், கழுவாமல் அளந்த அளவை நம்ப வேண்டாம். ரப்பர் வளையங்கள் பொருத்தி மூடப்பட்ட மூட்டுகளையுடைய சங்கிலியை மட்டும் இவ்வாறு ஊறவைக்காமல் துணியால் துடைக்க வேண்டும்.

மூன்றாவதாக, சங்கிலியை விட்டத்திலிருந்தோ உறுதியான கிளையிலிருந்தோ தொங்கவிட்டு, அடியில் ஓர் எடையைக் கட்ட வேண்டும். தளர்வாகத் தரையில் கிடக்கும் சங்கிலியில் மூட்டுகள் நெருங்கியும் விலகியும் கிடப்பதால் உண்மை நீளம் தெரியாது. எடையானது சங்கிலியின் அறுபளுவில் நூற்றுக்கு ஒரு பங்கு இருப்பது முறை. அரை அங்குலப் பிட்ச்சுக்கு ஏறக்குறைய 14 கிலோ, ஐந்தே எட்டு அங்குலத்திற்கு 22 கிலோ, முக்கால் அங்குலத்திற்கு 30 கிலோ, ஓர் அங்குலத்திற்கு 57 கிலோ எனக் கொள்ளலாம். சாக்கில் நெல்லையோ மணலையோ நிறுத்துக் கட்டினால் போதுமானது.

நான்காவதாக, ஒரு பின் தலையின் மேல்விளிம்பில் டேப்பின் தொடக்கத்தை வைத்து, அப்பின்னைப் பூஜ்யம் என்று கொண்டு, அடுத்ததிலிருந்து ஒன்று, இரண்டு என எண்ணி, 24-ஆம் பின் தலையின் மேல்விளிம்பு வரையில் அளக்க வேண்டும். இரு முனைகளிலும் ஒரே பக்கத்து விளிம்பை எடுப்பது முக்கியம். ஒரு முனையில் மேல்விளிம்பும் மறுமுனையில் கீழ்விளிம்பும் எடுத்தால், பின்னின் பருமன் கணக்கில் சேர்ந்து ஏமாற்றிவிடும். இவ்வாறு சங்கிலியின் மூன்று இடங்களில் அளந்து, சராசரியையும் மிகப் பெரிய அளவையும் தனித்தனியே குறித்துக்கொள்க.

கிடைத்த அளவைக் கீழ்க்கண்ட எண்களோடு ஒப்பிடலாம். 24 கண்ணிகளின் நீளம் மில்லிமீட்டரில் தரப்பட்டுள்ளது.

அரை அங்குலப் பிட்ச் (12.70): புதியது 304.8, மாற்ற வேண்டிய எல்லை 310.9
ஐந்தே எட்டு அங்குலப் பிட்ச் (15.875): புதியது 381.0, எல்லை 388.6
முக்கால் அங்குலப் பிட்ச் (19.05): புதியது 457.2, எல்லை 466.3
ஓர் அங்குலப் பிட்ச் (25.40): புதியது 609.6, எல்லை 621.8

இவ்வெல்லை நூற்றுக்கு 2 பங்கு நீட்சி என்னும் பொது விதியை ஒட்டியது. இரட்டை வரிசைச் சங்கிலிகளுக்கும், இறுக்கிக் கொடுக்க வழியில்லாத அமைப்புகளுக்கும் நூற்றுக்கு 1 பங்கே எல்லை. கதிரை உள்ளே இழுத்துச் செல்லும் சங்கிலியும், தானியம் தூக்கும் சங்கிலியும் வேறு வகையினவாதலால், அவற்றிற்கு இயந்திரத்தோடு வந்த கையேட்டில் கண்ட எல்லையைக் கொள்வது நலம்.

அளவிலிருந்து ஆயுளைக் கணித்தல்

ஓர் அளவு நோயைக் காட்டும். இரண்டு அளவுகள் அதன் வேகத்தைக் காட்டும். உதாரணமாக, ஐந்தே எட்டு அங்குலச் சங்கிலி ஒன்று 100 மணி நேரம் ஓடியபின் 382.5 மில்லிமீட்டரும், 250 மணி நேரம் ஓடியபின் 384.8 மில்லிமீட்டரும் காட்டியது என்று கொள்வோம். முதல் அளவு நூற்றுக்கு 0.4 பங்கு, இரண்டாவது 1 பங்கு நீட்சி. இடைப்பட்ட 150 மணி நேரத்தில் 0.6 பங்கு தேய்ந்தது. இதே வேகத்தில் எஞ்சிய 1 பங்குக்கு இன்னும் 250 மணி நேரம் ஆகும். கடினப் படலம் தீர்ந்தபின் தேய்மானம் விரைவுபடும் என்று முன்னரே கூறினோம். ஆகையால் அந்த 250 மணி நேரத்தையும் முழுவதும் நம்பலாகாது. வரப்போகும் சம்பா அறுவடையில் இயந்திரம் 300 மணி நேரம் ஓட வேண்டியிருக்குமெனில், புதிய சங்கிலியை அறுவடைக்கு முன்னரே வாங்கி மாட்டிவிடுவதே புத்திசாலித்தனம். நூறு மணி நேரமே ஓடப்போவதாயின், பழையதையே தைரியமாக உபயோகிக்கலாம். அளந்து பார்ப்பதால், வேண்டும்போது மாற்றவும், வேண்டாதபோது வீண்செலவைத் தவிர்க்கவும் முடிகிறது.

இவ்விடத்தில் வழக்கமாக நேரும் ஒரு பிழையைச் சுட்டிக்காட்டுவது அவசியம். சங்கிலி தளர்ந்தவுடன் இறுக்கும் உருளையைத் தள்ளிக் கொடுப்பர். அதுவும் எல்லை கண்டபின், இரண்டு கண்ணிகளை நீக்கிவிட்டுப் பூட்டுவர். தளர்ச்சி நீங்கும், ஓசையும் சில நாள் அடங்கும். ஆயினும் எஞ்சிய கண்ணிகள் ஒவ்வொன்றும் தேய்ந்த நீளத்திலேயே இருப்பதால், பற்களோடு அவற்றின் பொருத்தம் சிறிதும் திருந்துவதில்லை. கண்ணியைக் குறைத்தல் தேய்மானத்திற்கு மருந்தன்று. தேய்மானத்தை மறைக்கும் திரையே. அவ்வாறே, தேய்ந்த சங்கிலியில் உடைந்த ஓரிடத்தில் புதிய கண்ணியைச் சேர்ப்பதும் நல்லதன்று. எவர்ட்டின் பழைய வார்ப்புச் சங்கிலிக்கு ஏற்ற அவ்வழக்கம் ரோலர் சங்கிலிக்கு ஏற்காது. புதிய கண்ணியின் நீளமும் பழையவற்றின் நீளமும் வேறுபடுவதால், அவ்விடம் சக்கரத்தில் ஏறும்போதெல்லாம் அதிர்ச்சி உண்டாகும். அறுவடை நடுவில் வேறு வழியின்றிச் செய்ய நேர்ந்தால், வேலை முடிந்தவுடன் முழுச் சங்கிலியையும் மாற்றிவிட வேண்டும்.

உராய்வை அறியும் எளிய சோதனைகள்

நீள அளவு, இதுவரை தேய்ந்ததைத் தெரிவிக்கும். மூட்டுகள் இப்போது எந்நிலையில் இருக்கின்றன என்பதைக் கீழ்க்கண்ட சோதனைகள் தெரிவிக்கும்.

1. துருநிறம்: மூட்டுகளின் ஓரத்தில், தகடுகளுக்கிடையே செம்பழுப்பு நிறப் பொடி காணப்பட்டால், பின்னுக்கும் புஷ்ஷுக்கும் இடையே எண்ணெய் சேரவில்லை என்று அறிக. சங்கிலியின் வெளிப்புறம் எண்ணெய் மினுமினுப்புடன் இருந்தாலும் இப்பொடி உள்ளே வறட்சி என்பதற்குச் சாட்சியாகும்.

2. விறைப்பு: கழுவிய சங்கிலியை ஒரு கம்பியின் மீது போட்டு மெல்ல இழுத்துச் செல்க. நல்ல மூட்டு தன் எடையினாலேயே வளைந்து நிமிரும். விறைத்த மூட்டு வளைந்தபடியே நிற்கும். அத்தகைய மூட்டு உள்ளே துருவேறியோ, பின் நசுங்கியோ இருக்கும்.

3. பக்கவாட்டு வளைவு: சங்கிலியைப் பின்கள் செங்குத்தாக நிற்கும்படி பக்கவாட்டில் திருப்பி, ஒரு முனையைப் பிடித்துக் கிடையாக நீட்டுக. புதிய சங்கிலி அதிகம் சாயாது. தேய்ந்தது வில்போல வளைந்து தொங்கும். ஒரே அளவுள்ள புதிய சங்கிலியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் நன்கு விளங்கும்.

4. வெப்பம்: ஒரு மணி நேரம் ஓடியபின் எஞ்சினை நிறுத்திப் பார்க்கையில், ஒரே வகை வேலை செய்யும் இரண்டு சங்கிலிகளில் ஒன்று மட்டும் மிகச் சுடுமானால், அதில் உராய்வு மிகுந்துள்ளது. தொடாமலே வெப்பம் காட்டும் கைக்கருவிகள் இப்போது கடைகளில் கிடைப்பதால், கையைச் சுட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

5. தகட்டின் உட்பக்கம்: உட்கண்ணித் தகடுகளின் உட்புறம் ஒரு பக்கமாகப் பளபளத்துத் தேய்ந்திருந்தால், இரண்டு சக்கரங்களும் ஒரே நேர்கோட்டில் இல்லை. நேரான சட்டம் ஒன்றை இரு சக்கரங்களின் முகத்திலும் சார்த்திப் பார்த்துத் திருத்துக.

பற்சக்கரத்தையும் பார்க்க வேண்டும்

சங்கிலி நீண்டால் அது பற்களின் அடிப்பள்ளத்தில் அமராமல் மேலேறி ஓடும். சக்கரத்தைச் சங்கிலி தழுவி நிற்கும் இடத்தின் நடுவில் அதனை விரலால் வெளியே இழுத்துப் பார்க்கையில், பல்லின் பாதி உயரம் தெரியும்படி அது விலகுமானால், உடனே கழற்றி அளக்க வேண்டும். மேலேறி ஓடும் சங்கிலி பல்லின் ஒரு பக்கத்தை மட்டும் அரித்து, அதனைக் கொக்கிபோல வளைத்துவிடும். அவ்வாறான சக்கரத்தில் புதிய சங்கிலியை மாட்டினால் அது விரைவில் கெடும். தேய்ந்த சங்கிலியைப் புதிய சக்கரத்தில் மாட்டினால் சக்கரம் கெடும். ஆகவே பற்கள் கொக்கியிட்டிருந்தால் இரண்டையும் ஒருங்கே மாற்றுவதே சிக்கனம். நீட்சி எல்லையைத் தாண்டுமுன் சங்கிலியை மாற்றி வருபவர்க்குச் சக்கரங்கள் நெடுங்காலம் உழைக்கும்.

எண்ணெயிடுதலும் இறுக்கமும்

கட்டை வண்டியின் அச்சுக்கு மசகு இடாமல் நம் முன்னோர் வண்டி பூட்டியதில்லை. சங்கிலிக்கும் அம்முறையே பொருந்தும். ஆயின் வண்டி மசகுபோன்ற கெட்டிப் பொருள் இதற்கு உதவாது. பின்னுக்கும் புஷ்ஷுக்கும் இடையேயுள்ள நுண்ணிய சந்தில் அது நுழைவதில்லை. நம் நாட்டு வெப்பத்திற்கு 30 அல்லது 40 ஆம் தர எண்ணெய் ஏற்றது. எஞ்சினிலிருந்து வடித்த கழிவெண்ணெயில் கரியும் இரும்புத் தூளும் கலந்திருப்பதால், அது மூட்டை அரைக்கும் பொருளாகிவிடும். அதனை உபயோகிக்கலாகாது.

எண்ணெயை ரோலரின் மேல் ஊற்றுவதால் பயன் குறைவு. உட்தகட்டுக்கும் வெளித்தகட்டுக்கும் இடையேயுள்ள விளிம்பில், சங்கிலியின் தளர்ந்த பக்கத்தில், இருபுறமும் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அப்பக்கத்தில் மூட்டு தளர்ந்திருப்பதால் எண்ணெய் எளிதில் உட்புகும். எட்டு மணி நேர வேலைக்கு ஒரு முறை இடுதல் வேண்டும். வேலை முடிந்து சங்கிலி வெதுவெதுப்பாக இருக்கும் வேளையே சிறந்தது. பின்னர் வெளியில் வழிந்ததைத் துணியால் துடைத்துவிட வேண்டும். நெல்லின் வைக்கோலிலும் உமியிலும் மணலின் சத்தாகிய சிலிக்கா மிகுதியாக உள்ளது. உமியை எரித்தால் எஞ்சும் சாம்பலில் பெரும்பங்கு அதுவே. அத்தூசி எண்ணெயோடு குழைந்தால் சாணைப் பசைபோல் ஆகிவிடும். இக்காரணத்தால் நெல் வயலில் ஓடும் சங்கிலிக்கு எண்ணெய் உள்ளே இருக்க வேண்டும், வெளியே இருத்தலாகாது. சேற்றில் இறங்கிய இயந்திரத்தின் சங்கிலியை அன்றைக்கே கழுவி, உலர்த்தி, எண்ணெயிடுக.

இறுக்கம் மிகினும் குறையினும் தீமையே. மிக இறுக்கிய சங்கிலியில் மூட்டுகள் எப்போதும் பளுவிலேயே அசைந்து விரைவில் தேயும். மிகத் தளர்ந்த சங்கிலி பற்களைத் தாவிக் குதிக்கும். அதிர்ச்சியுள்ள வேலையில், இரு அச்சுகளின் மையத் தூரத்தில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்குச் சங்கிலியின் நடுப்பகுதி மேலும் கீழும் அசைய இடமிருத்தல் வேண்டும். மையத் தூரம் 600 மில்லிமீட்டர் எனில் அசைவு 12 மில்லிமீட்டர். சீரான வேலையில் இதற்கு இருமடங்கு விடலாம். பூட்டுக் கண்ணியின் கிளிப்பை மாட்டும்போது, அதன் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்கியிருக்க வேண்டும். திறந்த வாய் முன்னோக்கியிருந்தால் தட்டுண்டு கழன்றுவிடும்.

பதிவேட்டின் அவசியம்

சொந்தமாக இயந்திரம் வைத்திருப்போர் ஒரு சிறு நோட்டில் தேதி, ஓடிய மணி நேரம், 24 கண்ணிகளின் நீளம், எண்ணெயிட்ட நாள் ஆகிய நான்கையும் எழுதி வருதல் வேண்டும். சங்கிலி ஒவ்வொன்றுக்கும் தனிப்பக்கம் ஒதுக்குக. கூட்டுறவுச் சங்கங்களின் மூலமாகவோ குழுவாகவோ இயந்திரங்களை வாடகைக்கு விடும் ஊர்களில், பொறுப்பிலுள்ள அலுவலர்கள் இப்பதிவை வாடகைப் பதிவேட்டோடு சேர்த்து வைப்பது மிகவும் நன்று. பலர் கையில் மாறி மாறிச் செல்லும் இயந்திரத்தை எவரும் தம்முடையதாகக் கருதுவதில்லை. அளவு எழுதப்பட்டிருந்தால் மட்டுமே, சங்கிலி எப்போது மாற்றப்பட வேண்டும் என்பது ஒருவருடைய ஞாபகத்தையும் மற்றொருவருடைய வாதத்தையும் பொறுத்திராமல் எண்ணால் முடிவாகும். வாடகைக்கு எடுக்கும் விவசாயியும், வயலில் இறக்கும் முன் அப்பக்கத்தைக் காட்டும்படி கேட்கலாம். வாடகை மணிக்கணக்கில் ஓடுவதால், சங்கிலி கெட்டுத் தடைப்படும் இயந்திரத்திற்கு அவர் கொடுப்பது வீண்பணமாகும்.

அறுவடை முடிந்து இயந்திரம் கொட்டகைக்குத் திரும்பும் நாளே சங்கிலியை அளப்பதற்குத் தகுந்த நாள். அப்போது கழுவி, அளந்து, எண்ணெயில் தோய்த்து வைத்தால், துருப்பிடியாமலும் இருக்கும். அடுத்த பருவத்திற்கு வேண்டியதை நிதானமாக விலை விசாரித்து வாங்கவும் அவகாசம் கிடைக்கும். எல்லையை நெருங்கிய சங்கிலிக்கு மாற்றுச் சங்கிலி ஒன்றும், இரண்டு பூட்டுக் கண்ணிகளும் கருவிப் பெட்டியில் எப்போதும் இருத்தல் வேண்டும். மழை மேகத்தைக் கண்டபின் சங்கிலி தேடுவதினும், கோடையில் டேப்பைக் கையில் எடுப்பது எளிது.